ரெக்ஸம் 2022-23: 111 பாயிண்ட் எடுத்தும் மூச்சு முட்ட ஓட வேண்டி வந்தது ஏன்?

இடதுவிங்:

வணக்கம். வேல்ஸின் கால்பந்து கிளப்பான ரெக்ஸம் பற்றிப் பேச்சு வந்தாலே "ஹாலிவுட் நடிகர்கள் வாங்கினார்கள், மேலே போனார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். 2022-23 நேஷனல் லீக் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால் அது அத்தனை சுலபமாகத் தெரியவில்லை. 46 ஆட்டத்தில் 34 வெற்றி, 9 டிரா, மூன்றே தோல்வி. போட்டது 116 கோல், வாங்கியது 43. மொத்தம் 111 பாயிண்ட். அந்தப் பிரிவில் அதற்கு முன் யாரும் இவ்வளவு எடுத்ததில்லை. அப்படியும் ஏப்ரல் 22 வரை பட்டம் கைக்கு வரவில்லை.

விஷயம் தெரிந்தவர்களிடம் மூன்று கேள்வி. இத்தனை பாயிண்ட் எடுத்த அணிக்கு ஏன் இப்படி இழுபறி? ஏப்ரல் 10 அன்று நாட்ஸ் கவுண்டிக்கு எதிராக ரெக்ஸம் கோலி பென் ஃபாஸ்டர் தடுத்த பெனால்டிதான் சீசனைத் தீர்மானித்தது என்கிறார்களே, கணக்குப் போட்டுப் பார்த்தால் அது நிற்குமா? ஆட்ட முறையில் அந்த அணி என்ன செய்தது? "நீளமாக அடித்தார்கள்" என்பதைத் தாண்டி யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும்.

---

டச்லைன்:

நல்ல கேள்வி நண்பரே. முதலில் வாசலின் அகலத்தைப் பார்க்க வேண்டும். நேஷனல் லீக் என்பது இங்கிலாந்துக் கால்பந்தின் ஐந்தாவது படி. 24 அணிகள். அதிலிருந்து நான்காவது படியான லீக் டூவுக்குப் போக இரண்டே இடம். முதலிடம் பிடிப்பவர் நேராகப் போவார். இன்னோர் இடத்துக்கு இரண்டாவது முதல் ஏழாவது வரை ஆறு அணிகள் ப்ளே-ஆஃப் எனும் வெளியேற்று ஆட்டங்கள் ஆட வேண்டும். அதற்கு மேலே லீக் டூவிலிருந்து லீக் ஒன்னுக்கு நான்கு இடம்: மூன்று நேரடி, ஒன்று ப்ளே-ஆஃப். ஆக, ஐந்தாவது படியில் இரண்டாம் இடம் என்பது நான்காவது படியில் இரண்டாம் இடம் மாதிரி அல்ல. முன்னதில் இன்னும் எதுவும் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

ரெக்ஸம் இதை உடம்பால் உணர்ந்த கிளப். 2008-ல் ஃபுட்பால் லீக்கிலிருந்து, அதாவது நான்காவது படியிலிருந்து, கீழே விழுந்தார்கள். அதற்குப் பிறகு ஐந்து முறை ப்ளே-ஆஃப். 2011-லும் 2012-லும் அரையிறுதியில் லூட்டனிடம் தோற்றார்கள். 2013-ல் இறுதியில் நியூபோர்ட்டிடம், 2019-ல் ஈஸ்ட்லீயிடம், 2022-ல் சொந்த மைதானத்தில் கிரிம்ஸ்பியிடம் 4-5. இதில் 2011-12 சீசனைத் தனியாகச் சொல்ல வேண்டும். 98 பாயிண்ட் எடுத்தார்கள். ஃப்ளீட்வுட் 103 எடுத்தது. 98 எடுத்தவர்கள் மறுபடியும் அதே பிரிவில்.

இப்போது 2022-23-க்கு வாருங்கள். பட்டத்துக்குப் போட்டியிட்ட நாட்ஸ் கவுண்டி 32 வெற்றி, 11 டிரா, 3 தோல்வி, 107 பாயிண்ட். அதற்கு முன் அந்தப் பிரிவின் சாதனை 2010-11-ல் கிராலி டவுன் எடுத்த 105. அதாவது பழைய சாதனையை முறியடித்த அணி இந்த சீசனில் இரண்டாவதாக வந்தது. மூன்றாவது வந்த செஸ்டர்ஃபீல்ட் 84. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே 23 பாயிண்ட் பள்ளம்.

இந்த மாதிரிப் பந்தயத்தை "எத்தனை எடுத்தோம்" என்று பார்ப்பதைவிட "எத்தனை சிந்தினோம்" என்று பார்ப்பது தெளிவு. 46 ஆட்டத்தையும் ஜெயித்தால் 138. தோல்வி ஒன்றுக்கு மூன்று போகும், டிரா ஒன்றுக்கு இரண்டு போகும். ரெக்ஸம் சிந்தியது தோல்வியில் 9, டிராவில் 18, ஆக 27. நாட்ஸ் சிந்தியது 9-ம் 22-ம், ஆக 31. தோல்வி இரண்டு பேருக்கும் சமம். வித்தியாசம் முழுக்க இரண்டு டிராவில் இருக்கிறது. நாட்ஸ் டிரா செய்த இரண்டு ஆட்டங்களை ஜெயித்திருந்தால் 111-க்கு 111. அப்படிச் சமமாக முடிந்திருந்தால் கோல் வித்தியாசத்தில் நாட்ஸ்தான் சாம்பியன். அவர்களுடையது கூட்டல் 75, ரெக்ஸத்துடையது கூட்டல் 73.

அதனால் உங்கள் முதல் கேள்விக்குப் பதில் இது: ரெக்ஸத்துக்கு அந்த சீசனில் குறைந்தபட்சம் 108 தேவைப்பட்டது. 111 என்பது ஆடம்பரம் கிடையாது. மூன்று பாயிண்ட்தான் மிச்சம், ஒரே ஒரு ஆட்டத்தின் மதிப்பு.

இந்த இரண்டு அணிகளையும் பின்தொடர்ந்தவர்களுக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி சனிக்கிழமைகள் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அட்டவணையின் கீழ்ப்பாதியில் இருக்கும் அணியோடு சொந்த மைதானத்தில் 1-1 என்றால் மற்ற சீசனில் "ஒரு பாயிண்ட் வந்ததே" என்று வீட்டுக்குப் போகலாம். இங்கே அது இரண்டு பாயிண்ட் நஷ்டம். ரெக்ஸத்தின் மூன்று தோல்வியும் வெளியூரில்: ஆகஸ்டில் செஸ்டர்ஃபீல்டில், அக்டோபர் 4 அன்று நாட்ஸின் மெடோ லேனில் 0-1, ஏப்ரல் 7 அன்று ஹாலிஃபாக்ஸில் 1-3. சொந்த மைதானமான ரேஸ்கோர்ஸில் 23 லீக் ஆட்டத்தில் ஒன்றில்கூட அவர்கள் தோற்கவில்லை. யாருக்கும் ஞாபகம் இல்லாத அந்த ஆட்டங்கள்தான் பட்டத்தைக் கொடுத்தன என்பது என் உறுதியான கருத்து.

---

மூன்றுதடுப்பு:

ஆட்ட முறைக்கு நான் வருகிறேன்.

மேனேஜர் ஃபில் பார்கின்சன். 2013-ல் பிராட்ஃபோர்ட் நான்காவது படியில் இருந்தபோது அதை லீக் கோப்பை இறுதி வரை கூட்டிக்கொண்டு போனவர். ரெக்ஸத்தில் அவருடைய அடிப்படை 3-5-2. மூன்று சென்டர்-பேக் (நடுத் தடுப்பாளர்), பக்கத்துக்கு ஒரு விங்-பேக் (ஓரத்தில் ஏறி இறங்கி ஓடுபவர்), நடுவே மூன்று பேர், முன்னால் பால் மல்லினும் ஆலி பாமரும். பாமர் உயரமானவர், முதுகில் ஆளை வைத்துக்கொண்டு பந்தை நிறுத்தித் தருவார். மல்லின் அந்த இரண்டாவது பந்துக்கு ஓடுவார். மல்லினின் லீக் கோல் அந்த சீசனில் 38. நடுவிலிருந்து எலியட் லீ தாமதமாகப் பெனால்டி பெட்டிக்குள் நுழைவார். இந்த மூன்றாவது ஓட்டம்தான் "நீளமாக அடித்தார்கள்" என்று சொல்பவர்கள் தவறவிடுவது. முன்னால் இருக்கும் இரண்டு பேரையும் எதிரணியின் மூன்று தடுப்பாளர்கள் பிடித்துவிடலாம். லீயை யார் பிடிப்பது என்பதில்தான் பிசகும். அவர் மேலே ஏறினால் எதிரணியின் நடுக்கள ஆள் பின்னால் ஓடி வர வேண்டும். 70-வது நிமிஷத்துக்குமேல் ஐந்தாவது படியில் பல அணிகளுக்கு அந்த ஓட்டம் வராது.

பிறகு த்ரோ-இன். பென் டோஸர் நடுத் தடுப்பாளர், ஆனால் எதிரணியின் கடைசி முப்பது மீட்டரில் த்ரோ கிடைத்தால் அவர்தான் போவார். இதைக் கொஞ்சம் நெருக்கமாகப் பார்ப்போம். முதலில் துண்டு. ஈரப் பந்தில் விரல் வழுக்கும், அதனால் பந்தின் இரண்டு பக்கத்தையும் நன்றாகத் துடைக்க வேண்டும். சில அடிகள் ஓடி வந்து நிறுத்தும்போது இரண்டு பாதத்திலும் ஒரு பகுதியாவது கோட்டின் மேலோ கோட்டுக்கு வெளியிலோ தரையில் இருக்க வேண்டும். பந்து தலைக்குப் பின்னாலிருந்து தலைக்கு மேலாக இரண்டு கையாலும் வர வேண்டும். பின்காலைத் தூக்கிவிட்டால் ஃபவுல் த்ரோ, பந்து எதிரணிக்கு. டோஸரின் பலம் தூரம் மட்டும் இல்லை, தட்டையாக வருவது. வில் மாதிரி வளைந்து வரும் பந்தைக் கோலி முன்னே வந்து பிடித்துக்கொள்வார். தட்டையாக முதல் கம்பத்துக்கு வரும் பந்துக்கு அந்த நேரம் கிடைக்காது.

அங்கே ஒருவர் தலையால் பின்னுக்குத் தட்ட வேண்டும், இரண்டு பேர் கோலியின் முன்னால் நிற்க வேண்டும், ஒருவர் தூரக் கம்பத்துக்கு ஓட வேண்டும், ஒருவர் பெட்டியின் விளிம்பில் வெளியே வரும் பந்துக்காக நிற்க வேண்டும். த்ரோவிலிருந்து நேராக வாங்கினால் ஆஃப்சைடு கிடையாது, எனவே கோலியை ஒட்டி நிற்பது சட்டப்படி சரி. முதல் தட்டல் விழுந்தபிறகு ஆஃப்சைடு மறுபடி வந்துவிடும். பல கோல் அங்கேதான் கொடி தூக்கி ரத்தாகும்.

எங்கே கெடும்? கோலி பிடித்துவிட்டால். அப்போது உங்கள் நடுத் தடுப்பாளர் தன் இடத்திலிருந்து அறுபது மீட்டர் தள்ளி டச்லைனில் நிற்கிறார். கோலி கையால் வேகமாக உருட்டினால் மறுபக்கம் இரண்டுக்கு இரண்டு. இதனால்தான் டோஸர் த்ரோவுக்குப் போனால் தூரப்பக்க விங்-பேக் ஏறாமல் பின்னால் நிற்க வேண்டும். அந்த ஒழுங்கை 46 ஆட்டமும் காப்பாற்றுவதுதான் கஷ்டமான வேலை. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் எனக்கு இந்த அணியில் மிகவும் பிடித்தது அதுதான்.

---

கார்னர்_ப்ளாக்:

இரண்டாவது கேள்விக்கு நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 10, ஈஸ்டர் திங்கள், ரேஸ்கோர்ஸ். ஆட்டம் தொடங்கும்போது இரண்டு அணியும் 100 பாயிண்ட். கோல் வித்தியாசத்தில் நாட்ஸ் மேலே, ரெக்ஸத்துக்குக் கையில் ஓர் ஆட்டம் கூடுதல். அந்தக் கூடுதல் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்பதும் முக்கியம். எஃப்.ஏ. கோப்பையில் கவண்ட்ரியை அவர்கள் ஊரிலேயே 4-3 என்று ஜெயித்து நான்காவது சுற்றுக்குப் போனார்கள். அங்கே ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் 3-3, பிப்ரவரி 7 மறு ஆட்டத்தில் 1-3. கோப்பையில் நீண்ட தூரம் போனால் லீக் ஆட்டங்கள் தள்ளிப்போய் மார்ச், ஏப்ரல் வாரநாட்களில் குவியும். "கையில் ஆட்டம் இருக்கிறது" என்பது கேட்க நன்றாக இருக்கும். அது ஜெயித்தால்தான் மூன்று பாயிண்ட், களைத்த காலோடு ஆட வேண்டிய மூன்று பாயிண்ட்.

ஆட்டத்துக்கு வருவோம். இடைவேளைக்குச் சற்று முன் ஜான் போஸ்டாக் ஃப்ரீ-கிக்கில் நாட்ஸ் 1-0. பிறகு மல்லின் 1-1, ஜேக்கப் மெண்டி 2-1, கைல் கேமரன் 2-2, எலியட் லீ 3-2. 90 நிமிஷம் தாண்டிய கூடுதல் நேரத்தில் பெட்டிக்குள் பந்து கையில் பட்டதற்கு நாட்ஸுக்குப் பெனால்டி. செட்வின் ஸ்காட் அடித்தார், ஃபாஸ்டர் தடுத்தார். ரெக்ஸம் 103, நாட்ஸ் 100, ரெக்ஸத்துக்கு இன்னும் ஓர் ஆட்டம் கூடுதல்.

அந்தப் பந்து உள்ளே போயிருந்தால்? இரண்டு பேரும் 101. மிச்சம் இருந்தவற்றில் ரெக்ஸம் உண்மையில் எடுத்தது: பார்னெட்டுடன் டிரா, யோவிலுடன் வெற்றி, போரம் வுட்டுடன் வெற்றி, டார்கீயுடன் டிரா. எட்டு பாயிண்ட். நாட்ஸ் எடுத்தது இரண்டு வெற்றி, ஒரு டிரா. ஏழு பாயிண்ட். முடிவுகள் அப்படியே இருந்திருந்தால் ரெக்ஸம் 109, நாட்ஸ் 108. அப்போதும் ரெக்ஸம்தான்.

ஆனால் இங்கே நிற்கக்கூடாது. உண்மையில் ஏப்ரல் 22 அன்று போரம் வுட்டை 3-1 ஜெயித்ததும் பட்டம் முடிந்துவிட்டது; 110-க்கு 106, ஓர் ஆட்டம்தான் பாக்கி. ஏப்ரல் 29 டார்கீ ஆட்டத்தை அவர்கள் சாம்பியனாக ஆடினார்கள். பெனால்டி கோலாகியிருந்தால் அதே நாள் 108-க்கு 107 என்று விடிந்திருக்கும். ரெக்ஸம் வேல்ஸின் வடகிழக்கு மூலையிலிருந்து டெவன் கடற்கரையில் இருக்கும் டார்கீ வரை போய் ஜெயிக்க வேண்டிய நிலை, நாட்ஸும் அதே நேரத்தில் ஆடும். ரெக்ஸம் டிரா, நாட்ஸ் வெற்றி என்றால் 109-க்கு 110. நாட்ஸுக்கு ஒரே ஒரு கோல் போதும். எனவே பெனால்டி பட்டத்தைத் தானாகத் தரவில்லை. கடைசி நாளின் பயத்தை எடுத்துவிட்டது. ஐந்து முறை ப்ளே-ஆஃபில் விழுந்த கிளப்புக்கு அது சின்ன விஷயமா?

ஃபாஸ்டர் வந்ததில் ஒரு நடைமுறைப் பாடமும் இருக்கிறது. கோலி ராப் லெய்ண்டனுக்கு மணிக்கட்டில் காயம். மார்க் ஹோவர்ட் இருந்தார், ஆனால் அவருக்கும் ஏதாவது ஆனால் அனுபவமுள்ள ஆள் இல்லை. நேஷனல் லீக்கில் ஆட்களைப் பதிவு செய்வதற்கான கடைசி நாள் மார்ச் நான்காவது வியாழன், அந்த வருஷம் மார்ச் 23. ஃபாஸ்டர் ஒப்பந்தம் போட்டது அதே நாளில். ஓய்வு பெற்றிருந்தவர், 40 வயதுக்குப் பதினோரு நாள் குறைவு. ஜனவரி முடிந்ததும் சந்தை மூடும் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்தாவது படியில் மார்ச் கடைசி வரை ஓட்டையை அடைக்க முடியும். அடைக்கிற ஆளை முன்பே பேசி வைத்திருப்பதுதான் வேலை. ஃபாஸ்டருக்கு ரெக்ஸம் புதிய ஊரும் இல்லை. 2005-ல் கடனாக வந்து, ஃபுட்பால் லீக் டிராஃபி இறுதியில் ஆடி ஜெயித்தவர். அந்த இறுதி நடந்ததும் ஒரு ஏப்ரல் 10.

---

இடதுவிங்:

மிக்க நன்றி. "இரண்டு டிரா" கணக்கு எனக்குத் தோன்றவே இல்லை. ஒரு துணைக் கேள்வி: 107 எடுத்த நாட்ஸ் பக்கம் என்ன நடந்தது? அவர்களும் மேலே போனார்கள் என்று தெரியும், ஆனால் ப்ளே-ஆஃபில் ரொம்பத் திணறினார்கள் என்று படித்தேன். 23 பாயிண்ட் வித்தியாசம் இருந்த அணியோடு எப்படித் திணறுவது?

---

கருப்பு_வெள்ளை:

நாட்ஸ் பக்கம் பேச ஆள் வேண்டும் இல்லையா, நான் எழுதுகிறேன்.

1862-ல் தொடங்கிய கிளப். உலகின் பழமையான தொழில்முறைக் கால்பந்து கிளப் என்று சொல்லப்படுவது. 1888-ல் ஃபுட்பால் லீக்கைத் தொடங்கிய பன்னிரண்டு பேரில் ஒருவர். யுவென்டஸ் போடும் கறுப்பு வெள்ளைப் பட்டை 1903-ல் இவர்களிடமிருந்து போனது. அப்படிப்பட்ட கிளப் 2019-ல் ஐந்தாவது படிக்கு விழுந்தது. பிறகு டேனிஷ் சகோதரர்களான ரீட்ஸ் குடும்பத்தார் வாங்கினார்கள், கால்பந்துத் தரவு நிறுவனம் நடத்துபவர்கள்.

அந்தத் தரவு எங்கே வேலை செய்தது என்று கேட்டால் 2022 கோடையைப் பாருங்கள். ஒரு படி கீழே இருந்து அப்போதுதான் மேலே வந்திருந்த கேட்ஸ்ஹெட்டிலிருந்து இரண்டு முன்னணி ஆட்களை எடுத்தார்கள்: மெக்காலி லாங்ஸ்டாஃப், செட்வின் ஸ்காட். சேர்ந்து ஆடிப் பழகிய ஜோடியை அப்படியே தூக்குவதில் ஒரு லாபம் உண்டு, பழக எடுக்கும் மூன்று மாதம் மிச்சம். லாங்ஸ்டாஃப் 42 லீக் கோல் போட்டார், அந்தப் பிரிவின் சாதனை. முந்தையது 40.

அப்போதைய மேனேஜர் லூக் வில்லியம்ஸின் ஆட்டம் ரெக்ஸத்துக்கு நேர் எதிர். கோல்-கிக்கிலிருந்தே குட்டையாகத் தொடங்குவார்கள். எதிரணியின் முன்னணியைத் தங்கள் பெட்டி வரை இழுத்து, அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஆளுக்குக் கொடுத்து, அங்கிருந்து வேகம். 117 கோல், ரெக்ஸத்தைவிட ஒன்று அதிகம். இதில் கெடுவது இரண்டு இடம். ஒன்று, நம் பெட்டிக்குள் தவறும் பாஸ். இரண்டாவது, எதிரணி அழுத்தவே வராமல் பத்து பேரோடு பின்னால் உட்கார்ந்துவிட்டால் இழுக்க ஆள் இல்லை, பந்து பக்கவாட்டில் சுற்றும். அந்த 11 டிராவுக்கு நான் இதைத்தான் காரணமாகச் சொல்வேன்.

ப்ளே-ஆஃபுக்கு வருகிறேன். இரண்டாவதும் மூன்றாவதும் நேராக அரையிறுதிக்குப் போகும். சொந்த மைதானம், ஆனால் ஒரே ஆட்டம், இரண்டு கட்டம் கிடையாது. 107-ம் 84-ம் அந்த நேரத்தில் பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஆகிவிடும். போரம் வுட்டுடன் இடைவேளையில் நாட்ஸ் 0-2. ஏடன் பால்ட்வின் என்ற தடுப்பாளர் இரண்டு கோல் போட்டார், இரண்டாவது, 90 நிமிஷம் தாண்டிய கூடுதல் நேரத்தின் கடைசி மூச்சில். பிறகு நீட்டித்த அரை மணி நேரத்தில், 120-வது நிமிஷத்தில் ஜோடி ஜோன்ஸ் 3-2.

மே 13 வெம்ப்ளி, செஸ்டர்ஃபீல்ட். தொடக்கத்திலேயே பெனால்டியில் 0-1. 87-வது நிமிஷத்தில் மறுபடியும் போஸ்டாக் ஃப்ரீ-கிக், 1-1. நீட்டித்த நேரத்தில் மறுபடி பின்னடைவு, ரூபன் ரோட்ரிகஸ் 2-2. பெனால்டிக்குப் போவதற்கு முன் வில்லியம்ஸ் கோலியை மாற்றினார். சாம் ஸ்லோகோம்ப் வெளியே, ஆர்ச்சி மேர் உள்ளே. இதற்கு ஒரு மாற்று ஆளைக் கடைசி வரை செலவழிக்காமல் வைத்திருக்க வேண்டும். அது பெரிய பணயம், ஏனென்றால் 110-வது நிமிஷத்தில் ஒருவர் நொண்டினால் அனுப்ப ஆள் குறையும். அன்று பலித்தது. 4-3. வெற்றிப் பெனால்டியை அடித்தவர் செட்வின் ஸ்காட், ஐந்து வாரம் முன்னால் ரேஸ்கோர்ஸில் தவறவிட்ட அதே ஆள். அவரைத் திரும்பவும் அனுப்பிய முடிவுக்காகவே வில்லியம்ஸ் மேல் எனக்கு மரியாதை அதிகம்.

---

டச்லைன்:

பணத்தைப் பற்றி யாரும் தொடவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மறைப்பதில் அர்த்தம் இல்லை. 2023 ஜூனில் முடிந்த கணக்கு ஆண்டில் ரெக்ஸத்தின் வருமானம் சுமார் 1.05 கோடி பவுண்ட், நஷ்டம் சுமார் 51 லட்சம் பவுண்ட். ஐந்தாவது படியில் இது வேறு கிளப்புகளால் நினைத்துப் பார்க்க முடியாத அளவு. மல்லின் 2020-21-ல் கேம்பிரிட்ஜுக்காக லீக் டூவில் 32 கோல் போட்டு, அவர்களை லீக் ஒன்னுக்கு ஏற்றிவிட்டு, அங்கே ஆடாமல் இரண்டு படி இறங்கி ரெக்ஸத்துக்கு வந்தவர். டோஸரும் லீக் ஒன்னுக்கு ஏறிய செல்டனமிலிருந்து வந்தவர்தான். பணம் இல்லாமல் இது நடக்காது.

ஆனால் அதே உரிமையாளர்கள், அதே மேனேஜர், அதே மல்லின் 2021-22-லும் இருந்தார்கள். 44 ஆட்டத்தில் 88 பாயிண்ட், ஆட்டத்துக்குச் சரியாக 2. ஸ்டாக்போர்ட் 94 எடுத்து மேலே போனது. மே 22 அன்று எஃப்.ஏ. டிராஃபி இறுதியில் பிராம்லியிடம் 0-1, ஆறு நாள் கழித்து கிரிம்ஸ்பியிடம் அந்த 4-5. அடுத்த சீசன் ஆட்டத்துக்கு 2.41. இந்த 0.41-ஐ விளக்கப் பணம் மட்டும் போதாது. எலியட் லீ வந்தது, ஜனவரியில் ஓவன் ஓ'கானலும் ஆண்டி கேனனும் வந்து தடுப்பிலும் நடுவிலும் ஆள் கூடியது, அதனால் வாரத்துக்கு இரண்டு ஆட்டம் வந்தபோது தரம் விழாமல் மாற்ற முடிந்தது. நட்சத்திரத்தை வாங்குவதைவிடப் பதினாலாவது, பதினைந்தாவது ஆளை நல்லவராக வைத்திருப்பது கீழ்ப் பிரிவில் அதிகம் உதவும்.

இன்னொன்றையும் மறக்கக்கூடாது. நடிகர்கள் 2021 பிப்ரவரியில் வருவதற்கு முன் பத்து வருஷம் இந்தக் கிளப்பை ரசிகர்களின் டிரஸ்ட் நடத்தியது. 2011-ல் லீக்கில் ஆட வைப்புத்தொகை கட்ட வேண்டிய நிலையில், ரசிகர்கள் ஒரே நாளில் ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டினார்கள். விற்பதற்கும் அவர்கள்தான் ஓட்டுப் போட்டார்கள், 98 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. வாங்குவதற்கு ஒரு கிளப் உயிரோடு இருந்ததே அவர்களால்தான்.

---

பழைய_நான்காம்படி:

எல்லோரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். இடதுவிங் தம்பி, இதைத் தொடர்ந்து கவனிக்க விரும்பினால் இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

அந்தக் குறுகிய வாசல் பற்றி டச்லைன் சொன்னது பழைய புண். 1987-ல்தான் முதல்முறை ஐந்தாவது படியின் சாம்பியனுக்கு நேரடி ஏற்றம் கிடைத்தது. ஸ்கார்பரோ ஏறியது, லிங்கன் இறங்கியது. அதற்கு முன் ஓட்டெடுப்புதான். மேலே இருக்கும் கிளப்புகள் ஒருவரையொருவர் காப்பாற்றிக்கொள்வார்கள். இரண்டாவது இடம் 2003-ல் வந்தது. யோவில் சாம்பியனாக, டான்காஸ்டர் ப்ளே-ஆஃப் வழியாக. அதோடு இருபது வருஷத்துக்கு மேல் எதுவும் மாறவில்லை. 2022-23-ல் 107 எடுத்த அணி வெம்ப்ளியில் பெனால்டிக்குப் போனதைப் பார்த்தபிறகு பலரும் கேட்ட கேள்விதான் 2025-ல் நேஷனல் லீக் கிளப்புகள் தொடங்கிய "த்ரீ அப்" இயக்கம். மூன்று இடம் கொடு என்பது கோரிக்கை. நியாயமானது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒருமுறை வாசலைத் தாண்டிய ரெக்ஸம் அடுத்த வருஷம் லீக் டூவில் 88 பாயிண்டோடு இரண்டாவது, அதற்கடுத்து லீக் ஒன்னில் 92 பாயிண்டோடு இரண்டாவது. இரண்டு முறையும் நேராக ஏறினார்கள். ஐந்தாவது படியில் அதே இரண்டாம் இடத்துக்கு ப்ளே-ஆஃப்தான் கிடைத்திருக்கும்.

இரண்டாவது விஷயம் தரை. நேஷனல் லீக்கில் செயற்கைப் புல்லில் ஆடலாம். பல சின்னக் கிளப்புகளுக்கு அதுதான் வாரம் முழுக்க வாடகை தரும் வருமானம். பள்ளிப் பிள்ளைகள், உள்ளூர் அணிகள் எல்லாம் அங்கே ஆடும். ஆனால் லீக் டூவையும் அதற்கு மேல் உள்ள பிரிவுகளையும் நடத்தும் ஈ.எஃப்.எல். செயற்கைத் தரையை ஏற்காது. ஏறினால் பிடுங்கிவிட்டு இயற்கைப் புல் போட வேண்டும். ரெக்ஸத்துக்கும் நாட்ஸுக்கும் இந்தத் தொல்லை இல்லை, இரண்டுமே புல். சட்டன் 2021-ல் ஏறியபோது மாற்றினார்கள், பிராம்லி 2024-ல். 2020-ல் ஹாரோகேட் ஏறியபோது தரை தயாராகாமல் சீசனின் முதல் ஆட்டங்களை டான்காஸ்டரின் மைதானத்தில் ஆடினார்கள். ப்ளே-ஆஃப் இறுதி வழக்கமாக மே அல்லது ஜூனில், புது சீசன் ஆகஸ்டில். நடுவே கிடைப்பது மூன்று மாதத்துக்கும் குறைவு. அதற்குள் பழைய கம்பளத்தைச் சுருட்டி, அடித்தளத்தைத் தோண்டி, வடிகால் போட்டு, மண் நிரப்பி, புல்லை வேர்பிடிக்க வைக்க வேண்டும். அதனால் ஏப்ரலில் மேலே போகும் வாய்ப்புள்ள ஒரு சின்னக் கிளப்பைப் பின்தொடர்ந்தால் அட்டவணையோடு சேர்த்துத் தரை வேலைக்கு ஒப்பந்தக்காரரிடம் பேசிவிட்டார்களா என்பதையும் விசாரியுங்கள்.